கருப்பில் வெள்ளையா, வெள்ளையில் கருப்பா? பிரவுசரின் இருள் முறை வந்த கதை

"இந்த வெளிச்சத்தக் கொஞ்சம் கொறைச்சுக் குடுடா, கண்ணு கூசுது."

போன தை மாசம் ஓமந்தூர் போயிருந்தப்ப அம்மா போனை நீட்டிச் சொன்னது இது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் வைச்சுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தீபாவளிக்கு வந்தபோதே அம்மாவின் போனை முழுக்க டார்க் மோடுக்கு, அதாவது இருள் முறைக்கு, மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். வாட்ஸப் கருப்பு, மெனு கருப்பு, பிரவுசர் கருப்பு. அப்புறம் எங்கேயிருந்து வெளிச்சம்?

வாங்கிப் பார்த்தேன். பிரவுசரின் மேல்பட்டை கருப்பாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே டியூப் லைட் மாதிரி ஒரு வெள்ளைப் பக்கம். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதே வலைப்பதிவு!

இருபது வருஷத்துக்கு மேல் சாப்ட்வேரில் இருக்கிறேன், வலைப்பக்கம் கட்டுவதுதான் அதில் பாதிக்கு மேல். என் பதிவின் மூலையில் நிலா படம் போட்ட ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அழுத்தினால் பக்கம் கருப்பாகும். பெருமையாகத்தான் செய்திருந்தேன். ஆனால் பக்கம் திறக்கும்போது எப்பவும் வெள்ளைதான். படிக்கிறவரின் போன் என்ன கேட்கிறது என்று என் நிரல் விசாரிக்கவே இல்லை. புரை விழுந்த கண்ணுக்கு அந்தக் குட்டி நிலா எங்கே தெரியப்போகிறது?

சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. பக்கத்தின் நிறத்தை முடிவு செய்வது எழுதுகிறவனா, படிக்கிறவனா? இதைப் பற்றித் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

(ஊர் தெரியாதவர்களுக்கு: ஓமந்தூர், திண்டிவனம் பக்கம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். முதலமைச்சருக்கு அப்போது பிரதமர் என்றுதான் பெயர்.)

பல்பம், ஓலை, கல்

யோசித்துப் பார்த்தால் என் தலைமுறையில் நிறையப் பேர் முதல் எழுத்து எழுதியதே இருள் முறையில்தான். கருப்புச் சிலேட்டு, வெள்ளைப் பல்பம். சிலேட்டு வெளுத்துப்போனால் கோவை இலையைக் கசக்கித் தேய்ப்போம், மறுபடி கருகருவென்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கும் அதே வைத்தியம்தான். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, பெரிய வகுப்புப் பையன்கள் பூசுவார்கள். பூசிய மறுநாள் கடைசி பெஞ்சுக்கும் எழுத்து பளிச்சென்று தெரியும்.

ஓலைச்சுவடியில் கதை வேறு. எழுத்தாணியால் கீறும்போது அதில் மை கிடையாது. கீறிய எழுத்தும் ஓலையும் ஏறக்குறைய ஒரே நிறம். அதன்மேல் விளக்குக்கரி சேர்த்த மையைத் தடவித் துடைத்தால், மை கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்து கருப்பாக எழும்பி வரும். இதற்கு மையாடல் என்று பெயர். முக்கியமான விஷயம், இது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. ஐம்பது வருஷம் கழித்து மை மங்கிப்போனால், அன்றைக்குச் சுவடி யார் கையில் இருக்கிறதோ அவர் மறுபடி மை தடவிப் படித்துக்கொள்ளலாம். எழுதியவன் கொடுத்தது எழுத்தை. அது எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது படிக்கிறவன் கையில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பாண்டிச்சேரி பக்கம்தான். அங்கே 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இப்படிப்பட்ட சுவடிக் கட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாண்டிச்சேரியின் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கல்லுக்கு அதுவும் கிடையாது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பியது என்று சொல்லும் வடமொழிக் கல்வெட்டு அங்கே கிரந்த எழுத்தில் இருக்கிறது. கல்லில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை. இருப்பதெல்லாம் நிழல்தான். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் எழுத்து தெரியும், நேராக அடித்தால் மறைந்துபோகும். சில பேர் ஆர்வத்தில் சுண்ணக்கட்டித் தூளையோ மாவையோ பூசிப் படிக்கப் பார்ப்பார்கள். கல்லுக்குக் கெடுதல் என்று தொல்லியல்காரர்கள் திட்டுவார்கள்.

அவர்கள் செய்வது மைப்படி. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பொட்டணத்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடமெல்லாம் கருப்பாகும், எழுத்து இருக்கும் பள்ளம் வெள்ளையாக நிற்கும். உரித்து எடுத்தால் கருப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து. அசல் டார்க் மோடு! 1886-இல் ஹுல்ச் அரசின் கல்வெட்டு அறிஞராக வந்து, 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி வெளியானது. அதிலிருந்து இன்றுவரை தமிழ்நாட்டு வரலாற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கருப்புத் தாள்களிலிருந்து வாசிக்கப்பட்டதுதான்.

சுவடியிலும் கல்லிலும் எழுத்தைப் பார்வைக்குக் கொண்டுவரும் வேலை படிக்கிற இடத்தில் நடந்தது. அச்சு வந்த பிறகுதான் அந்த முடிவு அச்சகத்துக்குப் போனது. வெள்ளைத் தாள், கருப்பு மை. பிடிக்காவிட்டாலும் மாற்ற முடியாது.

கண்ணாடிக் குழாயின் காலம்

1990-களின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. போட்ட அறையில் கருப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கும். பிறகு காலேஜில் டர்போ சி வந்தது, நீலத் திரையில் மஞ்சள் எழுத்து. கம்ப்யூட்டர் என்றால் பின்புலம் இருட்டாகத்தான் இருக்கும் என்பது எங்களுக்குப் பழக்கமாகிப் போச்சு.

அந்த இருட்டுக்கு அழகுணர்ச்சி காரணம் இல்லை. பழைய திரைகள் எலெக்ட்ரான் கதிர் போய் முட்டும் இடத்தில் மட்டும் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள். எதுவும் எழுதாத இடம் தானாகவே கருப்பு. முழுத்திரையையும் வெள்ளையாக்கினால் இன்னொரு தொல்லை. திரை ஒரு விநாடிக்குள் பலமுறை திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. வெளிச்சம் கூடக்கூட அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், தலை வலிக்கும்.

வெள்ளைத் திரையை முதலில் தீவிரமாக எடுத்தவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தினர். 1973-இல் அவர்கள் செய்த 'ஆல்டோ' கணினியின் திரை, தாளைப் போலவே நின்றவாக்கில் வெள்ளையாக இருந்தது. அச்சில் வரப்போவதை அப்படியே திரையில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதே வழியில் 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் வந்தது. அதற்குப் பிறகு மேசைமேல் இருக்கும் கணினிக்கெல்லாம் தாள்தான் முன்மாதிரி ஆகிவிட்டது.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் எனக்குப் பிடித்த ஒரு பொருள் இருக்கிறது. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விற்ற வி.டி.100 முனையம். அதன் அமைப்புத் திரையில் பின்புலம் இருட்டா வெளிச்சமா என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மாற்றலாம். கூடவே, ஓடும் நிரலும் ஒரு கட்டளை அனுப்பி அதே பின்புலத்தைத் தலைகீழாக்கலாம். ஒரே விசைக்கு இரண்டு கைகள். இன்றைக்குப் பிரவுசரில் நாம் படும் பாட்டின் விதை அங்கேயே இருக்கிறது.

நூற்றுக்கு எத்தனை பங்கு யாருக்கு?

1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரில், பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது பிரவுசரின் பாடு. எழுதுகிறவர் "இது தலைப்பு, இது பத்தி" என்று மட்டும் சொன்னால் போதும்.

பக்கம் எழுதுகிறவர்களுக்கு அது போதவில்லை. நிறம் வேண்டும், எழுத்துரு வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில்தான், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, செர்ன் ஆய்வகத்தில் இருந்த ஹோகோன் வியூம் லீ ஒரு யோசனையை வெளியிட்டார். இன்றைய சி.எஸ்.எஸ். அதிலிருந்து பிறந்ததுதான். அந்த முதல் வரைவில் இப்போது காணாமல் போன ஒரு அம்சம் உண்டு. ஒவ்வொரு விதியின் கடைசியிலும் ஒரு சதவீதம் போடலாம். தலைப்பின் அளவு இவ்வளவு, அதில் என் பிடிவாதம் 40 சதவீதம் என்று ஒருவர் எழுதினால், மிச்சம் 60 அடுத்தவருக்கு. அதைவிட முக்கியம், வரிசை படிக்கிறவரிடமிருந்து தொடங்கியது. அவர் நினைத்தால் மொத்தத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பெரும்பகுதியை எழுதியவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

பதினைந்து வருஷம் சி.எஸ்.எஸ். எழுதிய பிறகுதான் இதைப் படித்தேன். சி.எஸ்.எஸ்.ஸின் முழுப்பெயரில் வரும் 'கேஸ்கேடிங்' என்ற சொல்லுக்கு அருவி போல இறங்குவது என்று பொருள். என் விதிகளுக்குள் எது மேலே எது கீழே என்று மட்டும்தான் அதை நினைத்துவைத்திருந்தேன். எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் இடையிலான பங்கீட்டுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் தேடவில்லை.

நடைமுறை வேறு பக்கம் போனது. 1995-இல் வந்த நெட்ஸ்கேப் 1.1, பக்கத்தின் பின்புல நிறத்தை எழுதுகிறவரே வைக்கும் வசதியைக் கொடுத்தது. அந்த நிறம் சீக்கிரமே குரலாகவும் ஆனது. 1996 பிப்ரவரியில், இணையப் பேச்சுக்குக் கட்டுப்பாடு போட்ட ஒரு அமெரிக்கச் சட்டத்தை எதிர்த்து, யாஹூ உட்பட ஏராளமான தளங்கள் தங்கள் பக்கங்களை இரண்டு நாள் கருப்பாக்கி வைத்தன. ஆக, எழுதுகிறவருக்கும் நிறத்தின்மேல் நியாயமான உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

கேள்வி எல்லாம், இரண்டு பேரும் மோதினால் யார் சொல் செல்லும் என்பதுதான். 1996 டிசம்பரில் வந்த முதல் சி.எஸ்.எஸ். தரநிலையில், "இது முக்கியம், மாற்றாதே" என்று இருவருமே குறித்திருந்தால் எழுதியவர் ஜெயிப்பார். 1998 மே மாதம் வந்த இரண்டாம் தரநிலை அதைத் திருப்பிப் போட்டது. இனி படிக்கிறவர் "முக்கியம்" என்று குறித்தால் அதுவே கடைசிச் சொல். பார்வைக் குறை உள்ளவர்களுக்காகச் செய்த மாற்றம் அது. பெரிய சத்தம் இல்லாமல் நடந்த ஒரு சின்னத் திருத்தம்தான், ஆனால் அம்மா மாதிரி ஒருத்தர் பக்கம் சட்டம் வந்து நின்ற நாள் அது.

சட்டம் இருந்து என்ன, கதவு சாத்தியிருந்தால்? தன் சொந்த நடைத்தாளைப் பிரவுசரில் போட்டுக்கொள்ளும் வசதியைத் தெரிந்தவர்கள் சொற்பம். 2014 தொடக்கத்தில் குரோம் அந்த வசதியையே எடுத்துவிட்டது. 2019-இல் பயர்பாக்ஸ் அதை முன்னிருப்பாக அணைத்து வைத்தது. நடுவில் படிக்கிறவர்களுக்குக் கைகொடுத்தது 'ஸ்டைலிஷ்', 'டார்க் ரீடர்' மாதிரியான நீட்சிகளும், விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருந்துவரும் 'ஹை கான்ட்ராஸ்ட்' வசதியும்தான்.

2019: பிரவுசர் மறுபடி கேட்கத் தொடங்கியது

2018 செப்டம்பரில் ஆப்பிளின் மொஹாவி இயங்குதளம் முழுத்திரை இருள் முறையோடு வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 10-உம், ஐ.ஓ.எஸ். 13-உம் வந்தன. கணினியே கருப்பானபோது நடுவில் வலைப்பக்கம் மட்டும் வெள்ளையாக எரிந்தால் அசிங்கமாக இருக்கும் இல்லையா? அதனால் 'பிரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்' என்ற வசதி பிறந்தது. இவர் வெளிச்சம் கேட்கிறாரா இருட்டு கேட்கிறாரா என்று பக்கம் பிரவுசரிடம் விசாரித்துக்கொள்ளலாம். மார்ச்சில் சஃபாரி 12.1, மே மாதத்தில் பயர்பாக்ஸ் 67, ஜூலையில் குரோம் 76 என்று ஒரே ஆண்டில் மூன்றிலும் வந்துவிட்டது.

இது கட்டளை இல்லை, தகவல் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரவுசர் படிக்கிறவரின் விருப்பத்தைச் சொல்லும். அதற்குக் காது கொடுப்பதும் கொடுக்காததும் என்னைப் போன்றவர்கள் கையில். நான் கொடுக்கவில்லை. அம்மாவின் கண் கூசியது.

பெரிய தளங்களுக்கும் இது லேசான வேலை இல்லை. விக்கிப்பீடியாவில் 2024-இல்தான் இருள் முறை வந்தது. பல ஆண்டுகளாகப் பயனர்கள் எழுதிவைத்த வார்ப்புருக்களில் பின்புல நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுத்தின் நிறத்தைச் சொல்லாமல் விட்ட இடங்கள் ஏராளம். பக்கம் இருட்டானதும் எழுத்து வெள்ளையாகும், பழைய வெளிர்மஞ்சள் பெட்டி அப்படியே நிற்கும், வெளிர் பெட்டியில் வெள்ளை எழுத்து யாருக்குத் தெரியும்? தன்னார்வலர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. அங்கே இப்போது தானியங்கி, வெளிச்சம், இருள் என்று மூன்று தேர்வுகள் உண்டு. இந்த மூன்றில் 'தானியங்கி'தான் உயிர். நான் முதலில் விட்டது அதைத்தான்.

சரி, கண்ணுக்கு எது நல்லது?

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். பதில், யாருடைய கண் என்பதைப் பொறுத்தது.

குறையில்லாத கண்ணுக்கு வெள்ளையில் கருப்பே மேல் என்கின்றன ஆய்வுகள். ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர், முதியவர் இரு பிரிவினருமே வெளிச்சப் பின்புலத்தில் எழுத்தைத் துல்லியமாகக் கண்டார்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது, அதனால் விழித்திரையில் உருவம் கூர்மையாக விழுகிறது.

புரை விழுந்த கண்ணில் நிலைமை தலைகீழ். லென்ஸ் கலங்கியிருப்பதால் வெள்ளைப் பின்புலத்தின் வெளிச்சம் உள்ளே சிதறி எழுத்தை மூடிவிடுகிறது. பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை முழுசாகப் போட்ட மாதிரி. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக் குழு 1985-லேயே இதை அளந்து காட்டியது. கண்ணின் ஊடகம் கலங்கியவர்கள் கருப்பில் வெள்ளையை வேகமாகப் படித்தார்கள்.

பேட்டரி விஷயமும் இப்படித்தான். ஓ.எல்.இ.டி. திரையில்தான் கருப்பால் மின்சாரம் மிச்சம், அதுவும் பிரகாசத்தைப் பொறுத்து. பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்தபோது, முழுப் பிரகாசத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது. சாதாரணமாக நாம் வைக்கும் 30 முதல் 50 சதவீதப் பிரகாசத்தில் வெறும் 3 முதல் 9 சதவீதம்.

தமிழுக்கென்று ஒரு சங்கதி உண்டு. ஒரே தடிமன் உள்ள கோடு கருப்பின்மேல் வெள்ளையாக இருந்தால் தடித்துத் தெரியும். ஒளி கசிந்து பரவுவது போன்ற மயக்கம் அது. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன, ஞ, ஐ எல்லாவற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். தடித்த எழுத்துரு, சுத்தக் கருப்பு, சுத்த வெள்ளை மூன்றும் சேர்ந்தால் அந்த ஓட்டைகள் அடைபட்ட மாதிரி ஆகி, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தடுமாற வேண்டியிருக்கும்.

நான் மாற்றியவை

ஒன்று, பக்கம் திறந்ததும் முதலில் சாதனத்தின் விருப்பத்தைக் கேட்கிறது. இரண்டு, நிலா பொத்தான் இருந்த இடத்தில் தானியங்கி, வெளிச்சம், இருள் என்று மூன்று சொற்கள், பெரிய எழுத்தில். மூன்று, ஒருவர் தேர்ந்தெடுத்ததை அவர் பிரவுசரிலேயே சேமித்து, பக்கம் வரையத் தொடங்குமுன் படித்துவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு நொடி வெள்ளையாகப் பளிச்சிட்டுப் பிறகு கருப்பாகும், இருட்டறையில் அது கண்ணில் டார்ச் அடித்த மாதிரி. நான்கு, இருள் முறையில் கருஞ்சாம்பல் பின்புலம், சற்று மெலிந்த எழுத்துரு. ஐந்து, பின்புல நிறம் சொன்ன இடத்திலெல்லாம் எழுத்தின் நிறத்தையும் சொல்லிவிட்டேன். மைப்படி, சுவடிப் படங்களைத் தலைகீழாக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். மைப்படியை மறுபடி தலைகீழாக்கினால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆவணம் இல்லை.

ஆனி மாசம் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து ஊருக்குப் போனால், மறுபடி போனை நீட்டினார்.

"இந்தக் கருப்பு வேணாம்டா, துக்க வீடு மாதிரி இருக்கு. பழையபடி வெள்ளையா வை."

போனில் ஒரு இடத்தில் மாற்றினேன். என் பதிவைத் திறந்தேன், அதுவும் சேர்ந்து வெள்ளையானது. இந்தத் தடவை நான் நிரலில் ஒரு வரியும் தொடவில்லை.

உங்கள் திரையில் இந்தப் பக்கம் நீங்கள் கேட்ட நிறத்தில் வரவில்லை என்றால் எந்த போன், எந்தப் பிரவுசர் என்று எழுதுங்கள். திருத்திவிடுகிறேன்.